சொரசொரப்பான பிளாஸ்டிக்கைப் பளபளப்பாக்குதல்

மோட்டார்க் காரின் உட்பாகங்களைச் சீர்செய்யும் முறை பற்றிய ஒரு பாடம்

மோட்டார்க் காரினுள் அமர்வோரின் கைபடும் பாகங்களுள் பெரும்பாலானவை இன்று பிளாஸ்டிக்கால் ஆனவை. கதவின் உட்பலகை, கியர்த் தண்டைச் சுற்றியுள்ள சட்டம், காற்று வரும் துவாரத்தின் விளிம்பு, ஒலிபெருக்கியின் மூடி ஆகியவற்றை உதாரணமாகக் கூறலாம். பழைய அம்பாசடர் கார்களில் எஃகும் குரோமிய முலாமும் வகித்த இடத்தைப் பிற்காலத்துக் கார்களில் பிளாஸ்டிக் கைப்பற்றிக்கொண்டது. இப்பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே தோலைப் போன்ற சொரசொரப்புடன் விளங்குகின்றன. சில ஆண்டுகளில் அவை கீறலுற்று வெளுக்கின்றன. அப்போது உரிமையாளர் அவற்றைக் கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்பு நிறமாக்கித் தருமாறு பணிமனையாளரைக் கேட்கின்றார்.

இவ்வேலை பார்வைக்கு எளிது. ஆயினும் ஒரே கோடையில் வர்ணம் செதில் செதிலாக உரிந்துபோன பாகங்களையும், சில வாரங்களில் பழைய சொரசொரப்பு மீண்டும் தலைகாட்டிய பாகங்களையும் பணிமனைகளில் காண்பது அரிதன்று. உரிமையாளரின் பொருளும் தொழிலாளியின் உழைப்பும் இவ்வாறு வீணாவதற்குக் கைத்திறக் குறைவைவிட, பொருளின் தன்மையை அறியாமையே பெரிதும் காரணமாகும். இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. இவ்வேலையில் உபயோகிக்கும் சில இரசாயனப் பொருள்கள் தொழிலாளியின் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கவல்லவை. எனவே பணிமனைகளுக்கு ஆலோசனை கூறும் களப் பணியாளர்களும், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும் இதன் அடிப்படைகளை நன்கு உணர்ந்திருத்தல் அவசியம்.

சொரசொரப்பு ஏன் உண்டாக்கப்படுகின்றது?

உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்திக் குளிரச் செய்து இப்பாகங்களை வார்க்கின்றனர். அச்சின் உட்புறத்தை அமிலத்தால் அரித்து நுண்ணிய பள்ளங்களை முன்னரே அமைத்திருப்பர். அப்பள்ளங்களின் படியே பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் அமைகின்றது. இதனால் மூன்று நன்மைகள் விளைகின்றன. குளிரும்போது சுருங்குவதால் ஏற்படும் குழிவுகளும், இரு ஓட்டங்கள் சந்திக்கும் கோடுகளும் கண்ணுக்குப் புலனாகாமல் மறைகின்றன. நகத்தாலும் சாவியாலும் ஏற்படும் சிறு கீறல்கள் வெளிப்படையாகத் தெரிவதில்லை. சூரிய ஒளி ஓட்டுநரின் கண்ணில் நேராகத் தெறிப்பதும் தவிர்க்கப்படுகின்றது. ஆகவே சொரசொரப்பு என்பது ஒரு குறையன்று, காரணத்தோடு அமைக்கப்பட்டது. அதனை நீக்கும்போது அந்நன்மைகளையும் இழக்கின்றோம் என்பதை உரிமையாளருக்கு முதலிலேயே எடுத்துக் கூற வேண்டும்.

பளபளப்பு என்பது யாது?

பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 ஆகும். இத்தகைய பரப்பில் நேர்செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதமும், 60 பாகைச் சாய்வில் விழும் ஒளியில் சுமார் 9 சதவீதமும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகின்றன. பரப்பு சமதளமாயின் இவ்வொளி முழுவதும் ஒரே திசையில் செல்லும், அதுவே பளபளப்பு. பரப்பு மேடுபள்ளமாயின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும், அதுவே மங்கல். திரும்பும் ஒளியின் அளவு ஏறக்குறைய ஒன்றே; அது செல்லும் திசைதான் வேறுபடுகின்றது. மங்கலான கறுப்புப் பரப்பில் சிதறிய ஒளி எத்திசையிலிருந்து நோக்கினும் கண்ணை அடைவதால் அப்பரப்பு சாம்பல் படர்ந்ததுபோல் தோன்றுகின்றது. பளபளப்பான கறுப்பு, பக்கவாட்டில் நோக்கும்போது, மேலும் கருமையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

ஒரு பரப்பு எவ்வளவு சமதளமாக இருந்தால் ஒளிக்குச் சமதளமாகும்? கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை உள்ளது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேடுபள்ளங்களின் உயரம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருப்பின், நேர்செங்குத்தாக விழும் ஒளிக்கு அப்பரப்பு வழவழப்பானது எனக் கொள்ளலாம். பச்சை ஒளிக்கு இது சுமார் 0.07 மைக்ரான் ஆகும்.

இனி உப்புத்தாளை நோக்குவோம். 320-ஆம் எண் தாளின் மணல் துகள்கள் சுமார் 46 மைக்ரான் அளவுள்ளவை. 600-ஆம் எண் தாளில் 26 மைக்ரான். 2000-ஆம் எண் தாளில்கூட 10 மைக்ரான். எனவே தேய்ப்பதனால் மட்டும் பளபளப்பு வந்துவிடாது. பரப்பைச் சமப்படுத்துவதே தேய்ப்பின் பணி. கடைசி வழவழப்பைத் தருவது, மேலே பூசப்படும் திரவம் தானே சமதளமாகப் படிந்து இறுகும் செயலாகும்.

திரவம் சமதளமாவது அதன் பரப்பிழுவிசையினால். அதற்கு ஆகும் காலம் இரு விஷயங்களைப் பொறுத்தது. மேடுகளுக்கு இடையேயுள்ள தூரம் இருமடங்கானால் காலம் பதினாறு மடங்காகும். படலத்தின் கனம் இருமடங்கானால் காலம் எட்டில் ஒரு பங்காகும். ஆதலால் நுண்ணிய கீறல்கள் விரைவில் மறைகின்றன. அகன்ற அலைகளோ மறைவதற்குள் வர்ணம் இறுகிவிடுகின்றது. ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற தோற்றம் சில பாகங்களில் எஞ்சி நிற்பது இதனாலேயே. கனமாகப் பூசினால் இக்குறை நீங்கும். ஆனால் நிமிர்ந்து நிற்கும் பரப்பில் வர்ணம் வழிந்துவிடும். ஆகவே பாகத்தைக் காரிலிருந்து கழற்றிக் கிடைமட்டமாக வைத்துப் பூசுதல் சிறந்தது.

பிளாஸ்டிக்கை இனங்காணுதல்

இப்பாகங்களில் பெரிதும் வழங்குபவை இரண்டு வகை. ஒன்று, பாலிபுரோப்பிலீன். ஒழுங்கான அமைப்புடைய பாலிபுரோப்பிலீனை இத்தாலிய விஞ்ஞானி கியூலியோ நாட்டா 1954-ஆம் ஆண்டில் ஆக்கினார். அவரும் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் சீக்லரும் 1963-ஆம் ஆண்டு இரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மற்றொன்று ஏ.பி.எஸ். எனப்படுவது, அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்து அமைந்தது. முன்னதில் வர்ணம் எளிதில் ஒட்டாது, பின்னதில் ஒட்டும். எனவே வேலையைத் தொடங்குமுன் பொருளை இனங்காண்பதே முதற் கடமையாகும்.

பாகத்தின் பின்புறத்தில் இரு கூர்முனைக் குறிகளுக்கு இடையே ஆங்கில எழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கும். 'பி.பி.' என்பது பாலிபுரோப்பிலீன். அதனுடன் 'டி.டி.20' என்றிருந்தால் 20 சதவீதம் தால்க் பொடி கலந்துள்ளது எனக் கொள்க. குறி அழிந்திருந்தால் இரு சோதனைகள் உதவும்.

முதலாவது, மிதக்கும் சோதனை. மறைவான இடத்திலிருந்து சிறு துணுக்கு ஒன்றை வெட்டி, சில துளி சோப்புக் கரைசல் கலந்த நீரில் இட வேண்டும். பாலிபுரோப்பிலீனின் ஒப்படர்த்தி சுமார் 0.90, அது மிதக்கும். ஏ.பி.எஸ்.-இன் ஒப்படர்த்தி சுமார் 1.05, அது மூழ்கும். ஆனால் 20 சதவீதம் தால்க் கலந்த பாலிபுரோப்பிலீனின் ஒப்படர்த்தி சுமார் 1.04 ஆதலால் அதுவும் மூழ்கிவிடும். மிதந்தால் அது ஏ.பி.எஸ். அன்று எனத் துணிந்து கூறலாம். மூழ்கினால் இச்சோதனையைக் கொண்டு மட்டும் முடிவுகட்டலாகாது.

இரண்டாவது, அசிட்டோன் சோதனை. பின்புறத்தில் ஒரு துளி அசிட்டோனை வைத்து அரை நிமிடம் கழித்துக் குச்சியால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். பிசுபிசுப்பாகும், பாலிபுரோப்பிலீன் மாறுதலின்றி நிற்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது. அருகில் நெருப்பு இருத்தலாகாது. பிளாஸ்டிக்கைக் கொளுத்தி, வாசனையால் இனங்காணும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அப்புகையில் நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். ஆதலால் அவ்வழக்கத்தை மாணாக்கருக்குக் கற்பிக்கலாகாது.

வர்ணம் ஏன் ஒட்டுவதில்லை?

தாமரை இலையில் நீர் முத்துமுத்தாக நிற்பதை யாவரும் அறிவர். பாலிபுரோப்பிலீனிலும் நீர் பரவாமல் துளியாகவே நிற்கும். திரவம் ஒரு பரப்பில் பரவி ஒட்டுவதற்கு அப்பரப்பின் ஆற்றல் போதிய அளவு இருத்தல் வேண்டும். பாலிபுரோப்பிலீனில் இது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன் மட்டுமே. நீரின் பரப்பிழுவிசையோ சுமார் 72. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட இதன் மூலக்கூறுகளில் வர்ணம் பற்றிக்கொள்ளத்தக்க பிடிகள் இல்லை.

தொழிற்சாலைகளில் இப்பரப்பின்மேல் தீச்சுடரை விரைவாகச் செலுத்தியோ, மின்பொறியைக் கொண்டோ ஆக்சிஜனைச் சேர்ப்பிக்கின்றனர்; அதனால் பிடிகள் தோன்றுகின்றன. சிறு பணிமனைகளுக்கு ஏற்றது ஒட்டுப் பிரைமர் ஆகும். குளோரின் ஏற்றப்பட்ட பாலியோலிஃபின் என்னும் பிசினைக் கரைப்பானில் கரைத்து இதனைச் செய்கின்றனர். கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது ஊறச் செய்கின்றது. பிசினின் நீண்ட மூலக்கூறுகள் அங்கே புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானபின் பிசின் கழன்று வர இயலாது. இதனை மிக மெல்லியதாக ஒருமுறை மட்டும் பூச வேண்டும், தேய்க்கலாகாது, தயாரிப்பாளர் குறித்துள்ள கால அளவுக்குள் அடுத்த பூச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

வெப்ப விரிவும் கருதத்தக்கது. கலப்பில்லாத பாலிபுரோப்பிலீன் ஒரு பாகை வெப்பத்திற்கு மீட்டருக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் விரிகின்றது, எஃகு 0.012 மில்லிமீட்டர் மட்டுமே. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை 70 பாகை சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக்கூடும். இரவிலிருந்து நண்பகலுக்குள் 50 பாகை மாறுமாயின் ஒரு மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் 5 மில்லிமீட்டர் நீளும்; எஃகோ 0.6 மில்லிமீட்டரே நீளும். எஃகுத் தகட்டிற்கென அமைந்த விறைப்பான பட்டியைப் பிளாஸ்டிக்கில் கனமாக அப்பினால் அது வெடித்து உரிவதில் வியப்பில்லை.

பள்ளம் நிரம்பும் கணக்கு

சொரசொரப்பின் ஆழத்தை 100 மைக்ரான் என்று கொள்வோம். அதன்மேல் கனத்த பிரைமரைத் தெளித்தால், ஈரமாக இருக்கும்போது பரப்பு சமதளமாகத் தோன்றும். ஆனால் அப்பிரைமரில் பாதி கரைப்பான் எனில், உலரும்போது அதன் கனம் பாதியாகும். மேட்டின் மேல் படலம் மெலிது. பள்ளத்தின் மேல் 100 மைக்ரான் மிகுதி. அம்மிகுதியும் பாதியாகச் சுருங்குவதால், உலர்ந்தபின் 50 மைக்ரான் ஆழமுள்ள பள்ளம் மீண்டும் தோன்றும். இரண்டாம் பூச்சுக்குப்பின் 25. மூன்றாம் பூச்சுக்குப்பின் 12.5, நான்காம் பூச்சுக்குப்பின் சுமார் 6 மைக்ரான். பூச்சினால் மட்டும் பள்ளத்தை அறவே ஒழிக்க இயலாது என்பது இக்கணக்கால் விளங்கும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, மேடுகளைத் தேய்த்துக் குறைத்தபின்னரே பள்ளங்களை நிரப்ப வேண்டும். பலகையின் கனம் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருக்குமாதலால், 0.1 மில்லிமீட்டர் தேய்வதால் அதன் வலிமை குறையாது. இரண்டாவது, ஒவ்வொரு பூச்சும் முழுவதும் உலர்ந்தபின்னரே அடுத்ததைத் தேய்க்கவோ பூசவோ வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய கரைப்பான் பல வாரங்களில் மெல்ல வெளியேறும். படலம் மேலும் சுருங்கும். பழைய சொரசொரப்பு பேய்போல் மீண்டும் தோன்றும். வேலை முடிந்த நாளில் குறையற்றுக் காணப்பட்ட பாகம் பின்னர் உரிமையாளரின் முன்னே பழுதாகி நிற்பதன் இரகசியம் இதுவே.

செய்முறை

1. பாகத்தைக் கழற்றிச் சோப்பு நீரால் நன்கு கழுவி உலர்த்துக. பின்னர் மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, உடனே மற்றொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுக. பளபளப்புக்கென முன்னர் தடவிய சிலிக்கோன் எண்ணெய் எஞ்சியிருந்தால் வர்ணத்தில் மீன்கண் போன்ற குழிகள் விழும். தேய்த்தபின் துடைத்தால் அவ்வெண்ணெய் கீறல்களுள் புகுந்துவிடும். ஆகையால் தேய்ப்பதற்கு முன்னரே துடைத்தல் அவசியம்.

2. 180 அல்லது 240-ஆம் எண் தாளை ரப்பர்க் கட்டையில் சுற்றி, நீர் விட்டுத் தேய்க்க. உலர்ந்த நிலையில் விரைந்து தேய்த்தால் சூட்டினால் பாலிபுரோப்பிலீன் இளகி நார்நாராக எழும். மேடுகள் தேய்ந்து பள்ளங்கள் புள்ளிகளாக மட்டும் தெரியும் வரை தேய்த்து, பின்னர் 320-ஆம் எண் தாளால் முடிக்க. தேய்த்த நீரைச் சாக்கடையில் கொட்டாமல் வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் பிளாஸ்டிக் வண்டலைத் தனியே அகற்றுக.

3. கழுவி உலர்த்தி மீண்டும் துடைத்தபின், பாலிபுரோப்பிலீனாயின் ஒட்டுப் பிரைமர் பூசுக. ஏ.பி.எஸ்.-க்கு இது பொதுவாகத் தேவையில்லை. ஆனால் வன்மையான தின்னரைக் கனமாகத் தெளித்தால் ஏ.பி.எஸ். வெடிப்புறும், மெல்லிய பூச்சுகளாகவே பூச வேண்டும்.

4. பிளாஸ்டிக்கிற்கு ஏற்ற, வளைந்து கொடுக்கும் நிரப்புப் பிரைமரை இரண்டு மூன்று முறை தெளிக்க. முழுதும் உலர்ந்தபின் வேறு நிறமுள்ள வர்ணத்தை மேலே தூவலாகத் தெளித்து, 400-ஆம் எண் நீர்த்தாளால் தேய்க்க. நிறம் எஞ்சிய இடம் பள்ளம் என அறியலாம். பள்ளம் இருப்பின் இப்படியை மீண்டும் செய்க. பிளாஸ்டிக் வெளிப்பட்டுவிட்டால் அவ்விடத்தில் ஒட்டுப் பிரைமரிலிருந்து மறுபடி தொடங்குக. இறுதியில் 600-ஆம் எண் தாளால் முடிக்க.

5. கறுப்பு வர்ணத்தை மெல்லிய பூச்சுகளாகவும், அதன்மேல் நிறமற்ற கிளியர்ப் பூச்சை இரண்டு முறையும் தெளிக்க. நன்கு இறுகியபின் தூசி படிந்த இடங்களை 1500, 2000-ஆம் எண் நீர்த்தாள்களால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகிடுக.

மழைக்காலத்தில் ஒரு தொல்லை உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அக்குளிர்ந்த பரப்பில் பனிபோல் நீர் படிந்து, வர்ணம் வெண்மையாகப் பூத்துப்போகும். ஆதலால் மழை நாட்களில் இவ்வேலையை ஒத்திவைத்தல் நன்று.

செய்யத்தகாத இடங்கள்

முன்பலகையின் மேற்புறத்தைப் பளபளப்பாக்கலாகாது. அதில் பட்ட வெயில் முன்கண்ணாடியில் தெறித்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். எதிரே வரும் மிதிவண்டிக்காரரை ஒரு கணம் காணாமற்போனால் விளையும் கேடு சொல்லத்தக்கதன்று.

காற்றுப்பை மறைந்துள்ள மூடிகளில் தேய்ப்பதோ பூசுவதோ கூடவே கூடாது. விபத்தின்போது அம்மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்குமாறு அமைக்கப்பட்டது. அதன்மேல் ஏறிய விறைப்பான படலம் அக்கிழிவைக் கெடுக்கலாம். அல்லது துண்டுகளாகச் சிதறி முகத்தைத் தாக்கலாம். சுக்கானின் நடுவே மட்டுமன்றிப் பயணியின் முன்னும் பக்கத் தூண்களிலும் இப்பைகள் இருக்கக்கூடும். அவ்விடங்களில் பொறித்துள்ள எழுத்துகளை முதலில் தேடிப் படிக்க வேண்டும்.

தொழிலாளியின் நலம்

மிகுந்த பளபளப்பும் உறுதியும் தரும் கிளியர்ப் பூச்சுகள் பல, உபயோகிக்கும் நேரத்தில் இறுக்கியுடன் கலக்கப்படுபவை. அவ்விறுக்கியில் உள்ள ஐசோசயனேட்டு என்னும் பொருள் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு ஒரு முக்கிய காரணமாகும். இதன் கொடுமை யாதெனில், அபாயகரமான அளவில் இருக்கும்போதும் வாசனையால் இதனை அறிய இயலாமற்போகும். ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். அத்தொழிலாளி தன் தொழிலையே கைவிட நேரும். இதனைத் தெளிப்பதற்குத் தனி அறையும், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும், கையுறையும் வேண்டும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது ஆவியைச் சிறிதும் தடுக்காது.

இவ்வசதிகள் இல்லாத பயிற்சி நிலையங்களில் ஐசோசயனேட்டு இல்லாத ஒற்றைக் கலப்பு வர்ணங்களையே உபயோகிக்க வேண்டும். உட்பாகங்களுக்கு அவற்றின் உறுதி போதுமானது. சில தெளிப்பு டப்பாக்களிலும் இறுக்கி அடங்கியிருப்பதால் சீட்டைப் படிக்காமல் வாங்கலாகாது. ஒற்றைக் கலப்பு வர்ணத்திலும் கரைப்பான் ஆவி உண்டு. காற்றோட்டமுள்ள வெளியிடமும், கரி வடிகட்டி பொருத்திய முகமூடியும் தேவை. பிளாஸ்டிக் தொழிலில் விரிவான பயிற்சி பெற விரும்புவோர், மத்திய அரசு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1968-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய மத்திய பெட்ரோ இரசாயனப் பொறியியல், தொழில்நுட்ப நிறுவனத்தை நாடலாம். 'சிப்பெட்' என வழங்கும் அந்நிறுவனத்திற்கு நாட்டின் பிற பகுதிகளிலும் கிளைகள் உள்ளன.

வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சிகள்

ஒரே பலகையை நான்கு கட்டங்களாகப் பிரித்து, முதற் கட்டத்தை அவ்வாறே விடுக. இரண்டாவதைத் தேய்க்காமல் பூசுக. மூன்றாவதைத் தேய்த்து, ஒட்டுப் பிரைமரின்றிப் பூசுக. நான்காவதை முறைப்படி செய்க. ஒரு வாரம் கழித்துக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டு நாடாவை ஒட்டி வெடுக்கென இழுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கட்டங்களின்மேல் அச்சிட்ட தாளைப் பிடித்து, அதன் பிரதிபலிப்பில் எழுத்துகளைப் படிக்க இயலுமா எனக் காண்பது பளபளப்பை ஒப்பிடும் எளிய வழியாகும்.

வினாக்கள்

1. 80 மைக்ரான் ஆழமுள்ள பள்ளத்தின்மேல், 60 சதவீதம் திடப்பொருள் கொண்ட பிரைமரைப் பூசினால், முதற் பூச்சுக்குப்பின்னும் இரண்டாம் பூச்சுக்குப்பின்னும் எஞ்சும் ஆழம் எவ்வளவு? (விடை: 32 மைக்ரான், 12.8 மைக்ரான்.)

2. நீரில் மூழ்கிய துணுக்கை ஏ.பி.எஸ். என உடனே முடிவு செய்யலாகாது, ஏன்?

3. தேய்ப்பதற்கு முன்னரே எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டுவது எதனால்?

4. உரிமையாளர் ஒருவர் சுக்கானின் நடுமூடியையும் பளபளப்பாக்குமாறு வற்புறுத்துகின்றார். பணிமனையாளர் அவருக்கு என்ன விடை கூற வேண்டும்?

நான்காம் வினாவிற்கு மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் சொந்த வாக்கில் விடை எழுதுமாறு செய்தல் நன்று. தகாத வேலையைக் காரணம் காட்டி மறுக்கக் கற்றலும் தொழிற்கல்வியின் ஒரு பகுதியேயாகும்.